பயந்த எலியின் மூளையில் ஒன்றும் இருக்காது

எங்கள் ஆய்வுகூடத்து எலிவீட்டின் நாலு சுவரும் நான் வைத்த கல். மெழுகு உருக்கும் பெட்டி, கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டியைக் கழற்றி, பல்பை மாற்றி நான் செய்தது. கொழும்பிலிருந்து புதியது வரும் வரும் என்று பல வருடம் சொன்னார்கள். அத்தனை வருடமும் என் பெட்டிதான் வேலை செய்தது. சிலைட் அடுக்கும் அலுமாரி, சூறாவளியில் விழுந்த வேப்பமரத்தை அறுத்து நான் அடித்தது. தண்ணீர் வடிக்கும் இயந்திரம் இரண்டு தடவை செத்தது. இரண்டு தடவையும் அதற்கு உயிர் கொடுத்தவன் நான். சண்டைக் காலத்தில் நுணுக்குக்காட்டிகளைச் சாக்கில் சுற்றி, நெல் மூடைகளுக்கு நடுவில் வைத்து, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் காப்பாற்றினேன். சோதனைச்சாவடியில் என்ன இது என்று கேட்டவனுக்கு நெல் என்றேன். நுணுக்குக்காட்டி ஒன்றும் உடையவில்லை. என் முன்பல் ஒன்றுதான் போனது.

இத்தனையும் செய்தவன் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். வாகரையில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, மருத்துவ பீடக் கட்டடத்துக்கு மண் சுமக்க வந்து, அதே கட்டடத்துக்குள் ஆய்வுகூட உதவியாளனாக ஓய்வு பெற்றவன். பெயர் கந்தப்பர் மூத்ததம்பி. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.

புதிய ஆய்வுகூடம் திறந்ததை ஒட்டி ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் இனிமையான நினைவுகளை எழுதித் தரட்டாம். அந்தக் கூடத்தின் சுவரில் கண்ணாடி போட்டு ஒரு தாள் தொங்குகிறது. தலைப்பு: மூளைத் தாங்கு கலங்களில் கிளைக்கோசனைப் பேணும் முறை. கீழே ஒரு டொக்டரின் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. அந்த முறையில் பாதிக்கு மேல் என் கையால் வந்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். இனிமை வேண்டுமானவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

என்னை மண் கூடையிலிருந்து உள்ளே எடுத்தவர் நல்லரெத்தினம் ஐயா. ஆய்வுகூடத்தின் தலைமைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். நான் மண் அரிக்கிறதை யன்னலால் இரண்டு நாள் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"இஞ்ச வா. கைய நீட்டு. நடுங்குமா?"

"இல்ல ஐயா."

"நாளைக்கு வா. வெத்திலையத் துப்பிப்போட்டு வா."

அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை. மெழுகில் புதைத்த சதைத் துண்டை வெங்காயத் தோலிலும் மெல்லிசாக வெட்டுவது, அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மடிப்பு விழாமல் கண்ணாடியில் ஏந்துவது, சாயம் போடுவது எல்லாம் மூன்று வருடத்தில் பிடித்துக்கொண்டேன். மற்றவர்களுக்கு ஆறு வருடம் போகும்.

ஐயா ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பிழையான சிலைட்டைப் பார்த்தால், அதை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாக மடக்கிவிடுவார். "வீட்ட கொண்டு போ" என்பார். ஏசினால் ஒரு மணித்தியாலத்தில் மறந்துவிடும். அந்தச் சிலைட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நாவற்குடா வீடு வரைக்கும் வந்தால் மறக்குமா? முதல் வருடம் ஒரு பிஸ்கட் டின் நிறைந்தது. நாலாம் வருடம் ஒன்றும் சேரவில்லை.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. சதைத் துண்டுகளை அழுகாமல் வைக்கிற மருந்திலிருந்து எடுத்ததும் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். பின்னேரம் நாலு மணிக்குக் குழாய்க்குக் கீழே வலைக்கூட்டில் வைத்தால், காலை எட்டு மணிக்குத்தான் எடுப்போம். "தண்ணிக்குக் குடுத்துப்போட்டு வீட்ட போ" என்பார். போமலின் என்கிற அந்த மருந்து உள்ளே தங்கினால் சாயம் பிடிக்காது. அவர் காலத்து வேலைக்கு அது நூற்றுக்கு நூறு சரி. அவர் ஓய்வு பெற்று, காலமாகி, அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் நான் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. அந்த ஆய்வுகூடத்தில் என்னைப்போலக் கழுவ ஆள் இல்லை என்று எனக்குப் பெருமை. அந்தப் பெருமை எனக்கு என்ன செய்தது என்று பிறகு சொல்கிறேன்.

டொக்டர் வாசுகி வந்தது எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில். வெளிநாட்டிலிருந்து மருந்துச் சாமான் வருவது நின்றுபோய், மின்சாரமும் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. மற்ற விரிவுரையாளர்கள் ஆராய்ச்சியை மூடி வைத்துவிட்டு வீட்டில் இருந்தார்கள். இவர் சைக்கிளில் வந்தார். சொந்த ஊர்ப் பிள்ளைதான். என்னை அண்ணன் என்று கூப்பிடுவார். நான் நிற்கும்போது அவர் உட்காரமாட்டார். உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும். எதைப் பார்த்தாலும் அந்த இடத்திலேயே கொப்பியில் எழுதுவார். எழுதி முடியும் வரைக்கும் கையைக் காட்டி நம்மைப் பேசாமல் நிறுத்தி வைப்பார்.

அவர் எதைத் தேடினார் என்றால், மூளைக்குள் நரம்புக்கலங்கள் மாத்திரம் இல்லை. அவற்றைச் சுற்றி நட்சத்திரம் மாதிரிக் கைவிரித்த தாங்கு கலங்களும் இருக்கின்றன. நரம்புக்கலம் தனக்கென்று சாப்பாடு சேர்த்து வைக்காது என்றே சொல்லலாம். தாங்கு கலம்தான் இரத்தத்திலிருந்து சீனியை எடுத்து, கிளைக்கோசன் என்கிற ஒரு மாவாக்கிச் சின்னச் சின்ன மணியாகத் தனக்குள் வைத்திருக்கும். இரத்தத்தில் சீனி விழுந்தால், அந்த மாவை உடைத்து நரம்புக்கலத்துக்குக் கொடுக்கும். அந்தச் சேமிப்பு அதிக நேரம் தாங்காது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நரம்புக்கலம் சாகாமல் நிற்கிறது.

இதை அவர் எனக்குச் சொன்னபோது நான் என் மச்சானைப் பற்றிச் சொன்னேன். அக்காவின் புருஷன். காலையில் இன்சுலின் ஊசி போட்டுவிட்டு, சாப்பிடாமல் வட்டைக்குப் போனவர், வரம்பில் விழுந்து கிடந்தார். வயலுக்குள் யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அக்காவைப் பார்த்து, "நீங்க ஆர்?" என்று கேட்டார். இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறார்.

டொக்டர் கொப்பியை மூடினார். "அண்ணன், ஒரே மாதிரி விழுந்த ரெண்டு பேரில ஒராள் நல்லா எழும்புறார், மற்றாள் இப்பிடி ஆகிறார். ஏன் எண்டு தெரியாது. அந்த மாவு ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு இருந்திருக்கும்? முதல் அதக் கண்ணால காணவேணும். கண்டாத்தான் மிச்சம்."

அன்றிலிருந்து அது எனக்கு வேலை மாத்திரம் இல்லை.

அந்த மாவு மூளைக்குள் நிற்காது என்பது புத்தகத்திலேயே இருக்கிறதாம். உயிர் போன சில நிமிடத்தில் கலமே அதைத் தின்று முடித்துவிடும். ஆகவே எலியை மயக்கி, கண் மூடித் திறக்கிறதுக்குள் மூளையை உறையவைக்க வேண்டும். அதற்குத் திரவ நைதரசன் தேவை. பெற்றோலே இல்லாத நாட்டில் அதற்கு எங்கே போவது என்று டொக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். நான் கேட்டேன்: "அது புகையிற சாமான்தானே டொக்டர்? மாட்டுக்குச் சினை ஊசி போடுற ஆக்கள் வச்சிருக்கிறது?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கால்நடை அலுவலகத்தில் காளை விந்தை அதில்தான் வைத்திருப்பார்கள். வாழைச்சேனைப் பக்கத்து அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த ஆள் இருந்தார். கிழமைக்கு ஒரு தடவை பஸ்ஸில் போய், ஒரு கலனை இரண்டு முழங்காலுக்கும் இடையில் வைத்துக்கொண்டு வருவேன். யன்னலெல்லாம் திறந்து வைக்கச் சொல்வேன். புகையைக் கண்டு பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். இரண்டு பேர் இருக்கை எனக்கு மட்டும்.

அப்படி உறையவைத்து, குளிரான அற்ககோலில் நாட்கணக்காக ஊறவைத்து, மெழுகில் புதைத்து, வெட்டி, சாயம் போட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அந்தச் சாயம் போத்தலில் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். மாவைக் கண்டால்தான் ரோசாப்பூ நிறமாகும். எங்கள் சிலைட்டில் ரோசா இல்லை. நாலு தொகுதி எலி போனது. நாலும் வெறும் கண்ணாடி.

"அண்ணன், சாயப் போத்தல மூடாம விட்டீங்களோ?"

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. மூடாமல் விட்டால் போத்தலுக்குள்ளேயே சிவந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன், நிறமே இல்லாத வெறும் தண்ணீர் மாதிரி. பிறகு நல்லரெத்தினம் ஐயா காலத்து ஈரல் சிலைட் ஒன்றை எடுத்துச் சாயம் போட்டேன். ஈரலில் அந்த மாவு கொள்ளையாக இருக்கும். செவ்வரத்தைப் பூ மாதிரிச் சிவந்தது. அதை அவர் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் வெளியே போனேன்.

பின்னேரம் அவராக வந்தார். தேத்தண்ணீர் இரண்டு கொண்டுவந்தார். "மன்னிக்கவேணும் அண்ணன். என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல. இது சும்மா மாவில்ல, சீனி மாதிரித் தண்ணியிலயும் கரையும், பொல்லாத சாமான்..."

தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

தண்ணீரில் கரையும். நாலு தொகுதியையும் அற்ககோலிலிருந்து எடுத்ததும் நான் என்ன செய்தேன்? பின்னேரம் நாலு மணிக்குக் குழாய்க்குக் கீழே வைத்து, காலை எட்டு மணிக்கு எடுத்தேன். ஈரலில் கொள்ளையாக இருந்ததால் கழுவினாலும் மிச்சம் நின்றது, மூளையில் இருந்ததோ துளி. போமலினுக்குத்தான் அந்தக் கழுவல் வேண்டும், அற்ககோலுக்கு வேண்டாம். டொக்டர் தந்த செய்முறையில் கழுவு என்று ஒரு வரியும் இருக்கவில்லை. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என்னைப்போலக் கழுவ ஆள் இல்லை என்றேனே. நாலு மாதத்து வேலையை, எத்தனையோ எலியை, நானே கழுவி வாய்க்காலில் விட்டிருந்தேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அடுத்த தொகுதியைக் கழுவாமல் விட்டால் அவருக்குத் தெரியவா போகிறது? அன்று முழுக்க அதைத்தான் யோசித்தேன். மறுநாள் காலை அவர் சைக்கிளை நிறுத்த முதலே சொன்னேன்.

"டொக்டர், நான்தான். தண்ணிக்குக் குடுத்தது நான்."

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். பிறகு ஆய்வுகூடப் பதிவேட்டை எடுத்து ஆங்கிலத்தில் எழுதினார். எழுதும்போது வழக்கம்போலக் கையைக் காட்டி என்னைப் பேசவிடவில்லை. எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்: இன்ன தொகுதிகள் ஓடும் நீரில் கழுவப்பட்டதால் பயனற்றுப் போயின, செய்தவர் ஆய்வுகூட உதவியாளர் க. மூத்ததம்பி.

"இதில ஒரு கையெழுத்துப் போடுங்க. மறைக்காமச் சொன்னீங்க எண்டதுக்காகத்தான் பெயரோட எழுதுறன்."

பெருமையாகத்தான் போட்டேன். மடையன்.

ஐந்தாம் தொகுதியைக் கழுவவில்லை. ஆறு எலி. ஐந்தில் ஒன்றும் இல்லை. ஒன்றில் மட்டும், மூளையின் மேற்பரப்பில், மிளகாய்த் தூள் சிந்தின மாதிரி அங்கொன்று இங்கொன்று ரோசா மணிகள். டொக்டர் துள்ளவில்லை. "ஏன் ஒண்டில மட்டும்?" என்றார். ஆறாம் தொகுதியிலும் ஒன்றில்தான். அவர் எலிகளின் நிறையைப் பார்த்தார், வயதைப் பார்த்தார், தீனியைப் பார்த்தார். நான் வரிசையைப் பார்த்தேன். இரண்டு தடவையும், அன்று காலை முதலாவதாக எடுத்த எலிதான் அது.

ஏன் என்று எனக்கும் விளங்கவில்லை. விளங்கவைத்தவர் காதர் காக்கா. ஓட்டமாவடியில் இறைச்சிக்கடை வைத்திருக்கிறவர். நைதரசன் எடுக்கப் போகும் நாட்களில் அவர் கடைக்குப் பக்கத்தில்தான் பஸ் மாறுவேன். கலனைக் கண்டால் அவருக்குக் கொண்டாட்டம்.

"என்ன மூத்தம்பி, இண்டைக்கும் பூதத்த அடச்சிக்கிட்டுப் போறயா? தொறந்து காட்டன், மூணு வரம் கேப்பம்."

"ஒரு வரமும் தராது காக்கா. ஆறு மாசமா எலியக் கொண்டும் ஒண்டுமில்ல."

விடயத்தைச் சொன்னேன். கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"எலியக் கூட்டுக்குள்ளரிந்து எப்பிடி எடுக்கிற?"

"வாலப் புடிச்சி இழுக்கிறதுதான். கடிக்குமெண்டு கூட வேலை செய்யிற மாணவப் பிள்ளைகள் தொரத்திப் புடிக்குங்கள்."

"மத்த எலியெல்லாம் எங்க இரிக்கி?"

"அதே மேசையில, வரிசையா."

காக்கா தீட்டுவதை நிறுத்தினார். "அடப் பாவிகளா. படிச்ச ஆக்களா நீங்க? நாங்க ஒரு மாட்டுக்கு முன்னால இன்னொரு மாட்ட அறுக்கிறல்ல. கத்தியத் தீட்டுறதயும் அதுட கண்ணுல காட்டுறல்ல. தண்ணி குடுத்து, தடவி, படுக்க வச்சித்தான். மார்க்கமும் அதான், தொழிலும் அதான். வெரட்டிப் புடிச்ச மாட்டுட எறச்சிய நீ பாத்திரிக்கியா? கறுத்து, பிசின் மாதிரி இரிக்கும், நிக்காது. பயத்துல உள்ளுக்குள்ள இரிக்கிற எல்லாத்தயும் அது எரிச்சிப் போட்டுரும்."

எரித்துவிடும். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்குக் காலில் விழலாம். முதலாவது எலி மற்றதின் இரத்தத்தை மணக்கவில்லை. மற்ற ஐந்தும் மணந்தன, பார்த்தன, நடுங்கின. எங்கள் கைக்கு வர முதலே அவற்றின் தாங்கு கலங்கள் சேமிப்பைச் செலவழித்துவிட்டன. நாங்கள் ஓடிக் களைத்த எலியின் வெறும் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

டொக்டரிடம் சொன்னேன். இறைச்சிக்கடையில் கேட்டது என்பதையும் மறைக்கவில்லை. "செய்து பாப்பம் அண்ணன். என்னென்ன செய்யவேணும் எண்டு நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான்தான் சொன்னேன். நான்தான் செய்தேன். ஒரு நாளைக்கு ஒரு எலிதான். மேசை வேறு அறைக்குப் போனது. ஒவ்வொரு எலி போன பிறகும் மேசையை நானே அற்ககோலால் துடைத்தேன். ஒருவரும் வாலைத் தொடக்கூடாது என்றேன். ஒவ்வொரு எலியையும் இரண்டு கிழமைக்கு நான் ஒருவன்தான் தூக்கினேன். முதல் நாள் கையைக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். கடிக்கும், இருப்பேன். நாலாம் நாள் மணந்து பார்க்கும். ஆறாம் நாள் கையில் ஏறும். பிறகு என் பழைய சாரத் துண்டில் சுற்றி, தினமும் காலை ஒன்பது மணிக்கு அந்த அறைக்குக் கொண்டுபோய், அந்த மேசையில் வைத்து, மயக்கப் பெட்டியை வெறுமனே திறந்து மூடி, ஒன்றும் செய்யாமல் திருப்பிக் கொண்டுவந்து விடுவேன். தீனி ஒரு மணியும் கூடக் கொடுக்கக்கூடாது என்றார் டொக்டர், கொடுக்கவில்லை. கடைசி நாளும் மற்ற நாள் மாதிரியே இருக்கவேண்டும். அதுதான் முழு வித்தை.

கடைசி நாளும் மற்ற நாள் மாதிரியே இருந்தது. சாரத் துண்டுக்குள் நித்திரை கொண்டபடி வந்தன. அவை என்னை நம்பின. பயப்படாமல் சாக வைத்தேன் என்று நான் சொல்லலாம். நம்பவைத்துக் கொன்றேன் என்றும் சொல்லலாம். வீட்டில் மனிசி சில நாள் என் கையை இரண்டு தடவை கழுவச் சொல்வாள். அந்தக் கழுவலில் ஒன்றும் போகவில்லை.

ஏழாம் தொகுதி. நுணுக்குக்காட்டியில் முதலில் பார்த்தது நான். நட்சத்திரக் கைகளெல்லாம் ரோசா மணி. அழைத்துக் காட்டினேன். அவர் கண்ணை எடுக்கவே இல்லை. கடைசியில், "இது மாவுதான் எண்டு நிரூபிக்கவேணும் அண்ணன்" என்றார், அழுகிற குரலில். மாவைக் கரைக்கிற மருந்து ஒன்று இருக்கிறது. அதைப் போட்ட சிலைட்டில் ரோசா இல்லாமல் போய், போடாத சிலைட்டில் இருந்தால், அது கிளைக்கோசன்தான். ஆனால் மின்வெட்டில் குளிர்சாதனப் பெட்டி நின்று அந்த மருந்து செத்துப்போயிருந்தது. புதியது வர ஆறு மாதம் என்றார்கள்.

"எச்சிலே காணும் டொக்டர், அது போதும்" என்றேன்.

"என்ன?"

"துப்பல். நல்லரெத்தினம் ஐயா அப்பிடித்தான் செய்வார். சோத்தக் கரைக்கிறதும் அதானே."

அவருக்கு முகம் ஒரு மாதிரிப் போனது. துப்பச் சொன்னால் வாய் காய்ந்துவிட்டது என்று சிரித்தார். நான் சோதனைக்கு முதல் நாள் மத்தியானத்திலிருந்து வெற்றிலையைத் தொடவில்லை. நாற்பது வருடப் பழக்கத்தை அன்றைக்குத்தான் ஒரு முழு நாள் விட்டேன். வாயை மூன்று தடவை கொப்புளித்து, கண்ணாடிக் கிண்ணத்தில் துப்பி, வடித்து, இளஞ்சூட்டில் வைத்து, ஒரு சிலைட்டில் விட்டேன். அதன் சோடியில் விடவில்லை. இரண்டுக்கும் ஒரே சாயம், ஒரே நேரம். என் எச்சில் பட்டதில் ஒரு மணியும் இல்லை. படாததில் அத்தனையும் இருந்தது.

"இருக்கண்ணன்" என்றார். "இருக்கு."

அந்த வேலையில் அவருக்குப் பெரிய பட்டம் கிடைத்தது. வெளிநாட்டுக்குப் போனார். போக முதல் வீட்டுக்கு வந்து, தைத்துக் கட்டிய ஆராய்ச்சிப் புத்தகத்தில் ஒன்றைத் தந்தார். பெரிய மரியாதையாக வாங்கி அலுமாரியில் வைத்தேன். ஆங்கிலம். ஓய்வு பெற்ற பிறகு பக்கத்து வீட்டு ஆசிரியையிடம் கொடுத்து, என் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் தேடினார். நன்றிப் பக்கத்தில் ஆய்வுகூட ஊழியர்களுக்கு நன்றி, பெயர் இல்லை. செய்முறையில் விலங்குகள் கையாளலுக்குப் பழக்கப்படுத்தப்பட்டன, ஒரே ஒரு வரி. எச்சில்? மனித உமிழ்நீர் பயன்படுத்தப்பட்டது. என்னை மனிதன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அந்தமட்டில் சந்தோசம்.

பிறகு ஆசிரியை ஒரு பக்கத்தைத் திறந்து பிடித்தபடி தயங்கினார். "ஐயா, ஒரு இடத்தில இருக்கு." கடைசிப் பின்னிணைப்பு. பதிவேட்டின் அந்தப் பக்கம் படமாக. நாலு தொகுதி பயனற்றுப் போயின, செய்தவர் க. மூத்ததம்பி. கீழே என் கையெழுத்து.

காதர் காக்காவிடம் இதைச் சொல்லிக் கொதித்தேன். அவர் சிரித்தார். "நீ சொன்ன அந்தத் தாங்கு கலம் மாதிரித்தான் மூத்தம்பி நீயும். அது தீனி குடுக்கும், பேரு வாங்கிறது மத்தது."

"காக்கா, கலத்துக்குப் பெயர் தேவையில்ல. எனக்குத் தேவை" என்றேன்.

போன மாதம் புதிய ஆய்வுகூடத்திலிருந்து ஒரு தொலைபேசி. மூன்று மாதமாகச் சிலைட்டெல்லாம் வெறுமையாக வருகிறதாம், ஒரு தடவை வந்து பார்ப்பீர்களா ஐயா என்று. போனேன். குளிரூட்டிய அறை, புதுச் சாயம், புது இயந்திரம். அன்று காலை எட்டு எலி, ஒரே மேசையில், வரிசையாக. கையுறை போட்ட ஒரு பிள்ளை வாலில் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றது. சுவரில் அந்தத் தாள். எட்டாவது வரி: விலங்குகளை அமைதியாக வைத்திருக்கவும். எப்படி என்று இல்லை. யாரைக் கேட்கலாம் என்றும் இல்லை. என் பெயர் அங்கே இருந்திருந்தால், மூன்று மாதத்துக்கு முதலே கேட்டிருப்பார்கள். எத்தனை எலி மிஞ்சியிருக்கும்! பெருமைக்காக மட்டும் கேட்கிறேன் என்று நினைக்கிறவர்கள் அந்த மேசையைப் போய்ப் பார்க்கட்டும். பெருமைக்காகவும்தான் கேட்கிறேன்.

டொக்டருக்கு அழைப்பு எடுத்தேன். சந்தோசமாகத்தான் பேசினார், மனிசியைச் சுகம் கேட்டார். நான் நேராகக் கேட்டேன்.

"அண்ணன், செய்முறையில ஆக்கள்ட பெயர் போடுற வழக்கமில்ல. அது எல்லா இடத்திலயும் அப்பிடித்தான்."

"அப்ப பிழையில எப்பிடிப் போட்டீங்க?"

பதிலுக்கு நிற்காமல் நானே தொடர்ந்தேன்.

"நான் அத அழிக்கச் சொல்லல்ல டொக்டர். அது நான் செய்ததுதான். மத்ததும் நான் செய்ததுதான்."

"விளங்குது அண்ணன்" என்றார். விளங்கியதை எழுத்தில் இன்னும் காணவில்லை.

ஆகவே மலர் ஆசிரியர்களுக்கும், பீடத்துக்கும், கடல் கடந்து இருக்கிற டொக்டருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எனக்குப் பொன்னாடை வேண்டாம், மேடை வேண்டாம். எலியைப் பழக்கிக் காட்ட எந்த நாளும் வருவேன், அதற்கு நிபந்தனை இல்லை; எலி என்ன பாவம் செய்தது. ஆனால் அந்தத் தாளைக் கழற்றுங்கள். பதிவேட்டில் என் பிழையை எந்த அளவு எழுத்தில் எழுதினீர்களோ, அதே அளவு எழுத்தில், ஒரு புள்ளி பெரிதும் வேண்டாம், சிறிதும் வேண்டாம், எட்டாவது வரிக்குக் கீழே இதைச் சேர்த்துவிட்டுத் திருப்பி மாட்டுங்கள்:

விலங்குகளைப் பயமின்றிப் பழக்கும் முறையைச் செய்து காட்டியவரும், உமிழ்நீர்ச் சோதனையைச் செய்தவரும்: கந்தப்பர் மூத்ததம்பி, ஆய்வுகூட உதவியாளர். காரணத்தைச் சொல்லித் தந்தவர்: காதர், இறைச்சிக்கடை, ஓட்டமாவடி.